பிளேட் மாற்றும் கத்தியா, கம்மாலைக் கத்தியா? மாத்தளையில் காட்டுப்பன்றியும் கூர்மையின் விலையும்

யூடியூபில் வரும் அமெரிக்க வேட்டைக் காணொளிகளில் இப்போது அடிக்கடி ஒரு மெல்லிய மடக்குக் கத்தி தென்படுகிறது. வேட்டைக்காரர் மானின் தோலை இரண்டு மூன்று இழுப்பில் பிரிக்கிறார். கூர் மழுங்கியதும் சாணைக்கல்லைத் தேடுவதில்லை. பழைய பிளேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பொதியிலிருந்து புதியதை எடுத்து மாட்டுகிறார். இந்தக் காணொளிகள் றத்தோட்டையிலும் லக்கலையிலும் வில்கமுவவிலும் உள்ள இளைஞர்களின் கைபேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. இணையக் கடைகளில் அதே வடிவில் மலிவு நகல்களும் கிடைக்கின்றன. 'இது இருந்தால் கம்மாலைக்கு ஏன் போக வேண்டும்?' என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இரண்டு கத்திகளுக்கும் தனித்தனியே நல்ல பயன் உண்டு. ஆனால் பிளேட் மாற்றும் கத்தி உருவான ஊரில் இறைச்சியைக் கையாளும் முறை வேறு, நம் ஊர் முறை வேறு. அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கினால் காசு வீணாகும், சில நேரம் விரலும் போகும். இன்னொன்றும் உண்டு. பிளேட் மாற்றும் கத்தியை வாங்கும்போது, தீட்டும் வேலையிலிருந்து விடுதலையையும் சேர்த்து வாங்குகிறோம். அந்த விடுதலைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கத்திக்கு முன் சட்டம்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கில் நக்கிள்ஸ் மலைத்தொடர். வடகிழக்கில் 1984இல் பிரகடனப்படுத்தப்பட்ட வஸ்கமுவ தேசிய பூங்கா. இவற்றின் ஓரங்களில் சோளம், மரவள்ளி, வற்றாளை, நெல் பயிரிடுவோருக்குக் காட்டுப்பன்றி தீராத தலையிடி. ஓர் இரவில் ஒரு கூட்டம் புகுந்தால் மரவள்ளிப் பாத்தி முழுவதும் கிளறிப் போடப்படும்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே இந்த விடயத்தில் இன்றும் அடிப்படை. அதன்கீழ் மான், மரை, சருகுமான், அழுங்கு போன்றவை பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றைக் கொல்வதும் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். காட்டுப்பன்றி அந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை. அதற்காக எங்கேயும் எப்படியும் கொல்லலாம் என்றாகிவிடாது. தேசிய பூங்காவுக்குள்ளும் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ளும் எந்த விலங்கையும் தொட முடியாது. துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இறைச்சியை விற்கவோ வேறிடத்துக்குக் கொண்டு செல்லவோ எண்ணுபவர், முதலில் அருகிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கம்பிக் கண்ணியும் 'ஹக்கபட்டாஸ்' எனப்படும் வாய்வெடியும் இந்தக் கட்டுரையின் கணக்கில் இல்லை. பன்றிக்கென்று வைக்கும் கண்ணி, வருவது பன்றியா சிறுத்தையா என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி பகுதியில் லக்ஷபான தோட்டத்தில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. வாய்வெடி யானைக் கன்றுகளின் தாடையைச் சிதைத்து, பட்டினியால் மெல்லச் சாகவைக்கிறது. எனவே இங்கே பேசப்போவது, பயிர்க்காணியில் சட்டத்துக்கு உட்பட்டுக் கொல்லப்பட்ட பன்றியை அறுத்துச் சுத்தம் செய்யும் வேலையைப் பற்றி மட்டுமே.

வேட்டைக்காரனும் கொல்லனும்

1660இல் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் இந்த மலைநாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். வேடர்கள் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் ஓர் இலையை வெட்டி அதனருகே வைத்துவிட்டுப் போவார்கள். கொல்லன் அதேபோல் செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் என்றாவது ஓர் இரவில் அம்பு வரும்.

பேச்சே இல்லாத இந்த வணிகம் ஓர் உண்மையைக் காட்டுகிறது. காட்டில் தன்னந்தனியாக வாழ்ந்தவருக்குக்கூட இரும்பு வேண்டுமானால் கொல்லர் வேண்டியிருந்தார். மாத்தளைக்கு இந்த உறவு மிகப் பழையது. சீகிரியாவுக்கு அருகே அலகொலவெவ கிராமத்தில் உள்ள தெஹிகஹ அல கந்த என்ற இடத்தில், கிறிஸ்து காலத்தையொட்டிய நூற்றாண்டுகளில் பெருமளவில் இரும்பு உருக்கப்பட்டதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. உலைகளின் அடித்தளங்களும் குவியல் குவியலாக இரும்புக் கசடும் அங்கே கிடைத்தன.

இன்றைய கம்மாலைகளில் தாதுமண்ணை யாரும் உருக்குவதில்லை. லொறிகளின் பழைய வில்லுத்தகடுதான் மூலப்பொருள். அதில் ஏறக்குறைய 0.6 சதவீதம் கரிமம் இருக்கிறது. அடி தாங்கும், வளைந்து நிமிரும், சரியாகத் துவைச்சல் கொடுத்தால் நல்ல கூரும் பிடிக்கும். மன்னாக் கத்தி, கொடுவாக் கத்தி, கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி என எல்லாமே இந்த ஒரே உலையிலிருந்துதான் வருகின்றன.

பிளேட் மாற்றும் கத்தி எங்கிருந்து வந்தது?

இதன் மூதாதை வேட்டைக் கத்தி அல்ல, சவர பிளேட். கிங் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற சவரக் கருவியின் அடிப்படை எளிது. கைப்பிடியை வைத்துக்கொள், கூரை எறிந்துவிடு. 1915இல் மோர்கன் பார்க்கர் அதே எண்ணத்தை அறுவைச் சிகிச்சைக் கத்திக்குக் கொண்டுவந்தார். சத்திரசிகிச்சைக்கூடத்தில் கத்தி தீட்டும் வேலை அதோடு குறைந்தது. பின்னாளில் அமெரிக்காவில் ஹாவலோன் போன்ற நிறுவனங்கள் அந்த அறுவைக் கத்தியை மடக்குக் கைப்பிடியில் பொருத்தி வேட்டைக்காரர்களுக்கு விற்றன. ஹாவலோன் பிரான்டா கத்தியின் பிளேட் சுமார் 7 சென்ரிமீற்றர் நீளம். அவுட்டோர் எட்ஜ் நிறுவனத்தின் ரேசர்லைட் வகையில் பிளேட் சுமார் 9 சென்ரிமீற்றர். அதன் முதுகுப் பக்கத்தைத் தடித்த உலோகச் சட்டம் தாங்கிப் பிடிப்பதால் அது எளிதில் உடைவதில்லை.

நம் சலூன்களில் இதே மாற்றம் கண்முன்னே நடந்தது. தோல்வாரில் தீட்டிய சவரக்கத்தி போய், ஆளுக்கு ஒரு பாதி பிளேட் போடும் கத்தி வந்தது. எயிட்ஸ், ஈரல் அழற்சி பற்றிய அச்சம் அதற்கு ஒரு முக்கிய காரணம். அங்கே அது சரியான மாற்றம். ஒருவரின் இரத்தம் இன்னொருவரைத் தொடக்கூடாது. ஆனால் கன்னத்து முடியை மழிக்கும் வேலைக்குப் பொருந்தியது, பன்றித் தொடையைப் பிரிக்கும் வேலைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

வேலையைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு பன்றியைச் சுத்தம் செய்வதில் நான்கு கட்டங்கள் உண்டு.

முதலாவது குடல் எடுப்பது. வயிற்றுத் தோலை மட்டும் வெட்ட வேண்டும், குடலைக் குத்தக்கூடாது. குடல் கிழிந்தால் அதிலுள்ள கிருமி இறைச்சி முழுவதும் பரவும். இந்தக் கட்டத்தில் மெல்லிய பிளேட் நன்றாக வேலை செய்யும், கவனமான கையில். அதே கூர்மை கவனமில்லாத கையில் எதிரி. மிகக் கூரான பிளேட் குடலைத் தொட்டதுகூடக் கைக்குத் தெரியாது. இரண்டு விரல்களால் தோலை உயர்த்திப் பிடித்து, கூரை மேல்நோக்கி வைத்து வெட்டுவது எந்தக் கத்திக்கும் பொருந்தும் முறை.

இரண்டாவது தோல். இங்கேதான் பெரிய வேறுபாடு. அமெரிக்க வேட்டைக்காரர் தோலை உரித்தெடுத்துவிடுகிறார். பிளேட் மாற்றும் கத்தி பிறந்ததே அந்த வேலைக்காகத்தான். மலையகத்திலோ பன்றியைப் பெரும்பாலும் தீயில் வாட்டி, முடியைப் பொசுக்கி, வெந்நீர் ஊற்றிச் சுரண்டுவோம். தோல் இறைச்சியோடு சேர்ந்து கறிச்சட்டிக்குப் போகும். சுரண்டுவதற்கு நீண்ட, தடித்த, அதிகம் கூர் தேவைப்படாத அலகு வேண்டும். அறுவைக் கத்தியால் சுரண்டினால் தோல்தான் கிழியும். காட்டுப்பன்றியின் மயிரில் ஒட்டியிருக்கும் சேறும் மணலும் எந்த மெல்லிய கூரையும் சில நிமிடங்களில் தின்றுவிடும்.

மூன்றாவது மூட்டுப் பிரிப்பது. மூட்டின் நடுவில் உள்ள தசைநாரைக் கண்டு வெட்ட வேண்டும். அலகைச் செருகி நெம்பாமல் இந்த வேலை முடிவதில்லை. நெம்பும் வேலைக்கு அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளேட் செய்யப்படவில்லை. மூன்று நான்கு மில்லிமீற்றர் முதுகுள்ள கம்மாலைக் கத்தி அதைப் பொருட்படுத்தாது.

நான்காவது துண்டு போடுவது. அமெரிக்காவில் எலும்பிலிருந்து இறைச்சியை வழித்தெடுப்பார்கள். நாம் எலும்போடு கொத்துவோம். எலும்பில்லாத பன்றிக்கறியை நம்மில் பலர் கறியென்றே ஏற்பதில்லை. இதற்குக் கட்டையும் கனமான கொடுவாக் கத்தியும் தவிர வேறு வழியில்லை.

நான்கு கட்டங்களில் பிளேட் மாற்றும் கத்தி நன்றாகச் செய்வது ஒன்றை. தோலை உரிப்பவராக இருந்தால் இரண்டு. ஆகவே அதை வாங்கினாலும் கம்மாலைக் கத்தி தேவைப்படும். கம்மாலைக் கத்தி இரண்டு வைத்திருப்பவருக்கு மற்றது கட்டாயமில்லை. ஒன்று 12 முதல் 15 சென்ரிமீற்றர் அலகுள்ள மெல்லிய கத்தி, மற்றது கொத்துவதற்கான கனக் கத்தி.

உடைந்த துண்டு எங்கே?

பிளேட் மாற்றும் கத்தியின் பெரிய ஆபத்து முறிவு. மிகக் கடினமான, மிக மெல்லிய உருக்கு வளையாது, முறியும். முறிந்த துண்டு இறைச்சிக்குள் போய்விட்டால் இரத்தத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. உணவுத் தொழிற்சாலைகள் பின்பற்றும் பி.ஆர்.சி. என்ற சர்வதேசத் தரநிலை, நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேட் கத்திகளைத் தடைசெய்வது இதே அச்சத்தினால்தான். வேட்டைக்கான கத்தி அந்த வகை அல்ல என்றாலும், உலோகத் துண்டு உணவில் கலக்கும் ஆபத்து ஒன்றே.

அடுத்த ஆபத்து பிளேட்டை மாற்றும் நேரம். கையில் கொழுப்பும் இரத்தமும் இருக்கும்போது விரலால் பிளேட்டைக் கழற்றுவது நல்லதல்ல. சிறிய குறடு ஒன்றை உடன் வைத்திருக்க வேண்டும். இருட்டில் மாற்றவே கூடாது.

மூன்றாவது, கழற்றிய பிளேட் போகும் இடம். லயத்துப் பின்புறத்திலோ ஓடைக்கரையிலோ எறியப்படும் பிளேட் யாருடைய காலுக்காகவோ காத்திருக்கும். செருப்பில்லாமல் ஓடும் பிள்ளையாக இருக்கலாம், புல் மேயும் மாடாக இருக்கலாம், பிரதேச சபையின் குப்பை அள்ளும் தொழிலாளியாகவும் இருக்கலாம். கழற்றிய ஒவ்வொரு பிளேட்டையும் மூடியுள்ள தகரப் பேணியில் போட்டு, நிரம்பியதும் மூடியை ஒட்டி, உள்ளே பிளேட் இருக்கிறது என்று எழுதித்தான் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது எத்தனை பிளேட், முடிந்தபின் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இறைச்சியில் தொலைந்த துண்டும் தெரிந்துவிடும்.

கத்தி சுமக்கும் கிருமி

கம்மாலைக் கத்திக்கும் குறை இருக்கிறது. மரப்பிடி இரத்தத்தை உறிஞ்சும். பிடியும் அலகும் சேரும் இடுக்கில் கொழுப்புத் தங்கும். கரிம உருக்குத் துருப்பிடிக்கும். சுத்தத்தைப் பொறுத்தவரை, கழுவிய கைப்பிடியில் புதிய பிளேட் போடுவது எளிது என்பதை மறுக்க முடியாது.

காட்டுப்பன்றியிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியவை பல. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், புரூசெல்லா, ஹெப்படைட்டிஸ் ஈ, தசையில் வாழும் டிரைக்கினெல்லா புழு ஆகியவை அவற்றில் அடங்கும். விரலில் ஒரு சிறு வெட்டு போதும், முதல் இரண்டும் உள்ளே நுழைய. கத்தி எதுவானாலும் கையுறை அணிய வேண்டும். சிறுநீர்ப்பையையும் சிறுநீரகத்தையும் எடுக்கும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவை. வெட்டுப்பட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, ஏற்புத் தடுப்பூசிக்கு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பின்னர் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், பன்றி அறுத்ததை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டத்துக்குப் பயந்து இதை மறைப்பவர் தன் உயிரோடு விளையாடுகிறார். இறைச்சியைப் பொறுத்தவரை, உள்ளே 71 பாகை செல்சியஸ் சூடு ஏறும்வரை வேகவைத்தால் டிரைக்கினெல்லா சாகும். வெளியே கருகி உள்ளே சிவந்த வாட்டல் இறைச்சி ஆபத்தானது.

2024 இறுதியில் இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்ட ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இன்னொரு காரணத்தைச் சேர்த்திருக்கிறது. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் இரத்தம் பட்ட கத்தி, செருப்பு, வாளி மூலம் வீட்டுப் பன்றிக்குத் தொற்றும், தொற்றினால் பண்ணையே அழியும். வீட்டில் பன்றி வளர்ப்பவர் காட்டுப்பன்றி அறுத்த கத்தியோடு கூட்டுக்குள் போகக்கூடாது. குடலையும் கழிவையும் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

இறைச்சி வெட்டும் கூடங்களில் கத்தியை 82 பாகை செல்சியஸ் வெந்நீரில் தோய்த்து எடுப்பது உலக வழமை. ஒரு கத்தி வெந்நீரில் இருக்கும்போது மற்றதால் வேலை நடக்கும். அதை வீட்டிலும் செய்யலாம். இரண்டு கத்தி, ஒரு பானை கொதிநீர். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, உலரத் துடைத்து, அலகில் மெல்லியதாகத் தேங்காயெண்ணெய் பூசி வைத்தால் துருவும் இல்லை, கிருமியும் தங்காது.

கூர்மைக்கு யாரை நம்புகிறோம்?

பிளேட் மாற்றும் கத்தியின் கைப்பிடி ஒருமுறை வாங்குவது, பிளேட் வாழ்நாள் முழுவதும் வாங்குவது. ஒரு விலங்குக்கு ஒன்றிரண்டு பிளேட் என்று வைத்தாலும், அவை ஒவ்வொன்றும் இறக்குமதி. 2022இல் டொலர் இல்லாமல் மருந்தும் பால்மாவும் எரிவாயுவும் வராமல் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படியொரு நாளில் பிளேட் இல்லாத கைப்பிடி வெறும் பிளாஸ்டிக். நகல் கைப்பிடிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு, ஒரு வகைக்குரிய பிளேட் மற்றதற்குச் சரியாகப் பொருந்தாது. ஆடும் பிளேட் முறியும் பிளேட்.

கம்மாலைக் கத்தி பத்தாண்டு, இருபதாண்டு உழைக்கும். ஆனால் அதற்கு இரண்டு ஆட்கள் வேண்டும்: அதைச் செய்து திருத்தும் கொல்லர், அதைத் தீட்டத் தெரிந்த உரிமையாளர். இரண்டு பக்கமும் குறைந்து வருகிறது. சீனாவிலிருந்து வரும் மலிவுக் கத்தியோடு விலையில் போட்டியிட முடியவில்லை. தொழிலோடு ஒட்டிய சாதி முத்திரையைத் தம் பிள்ளைகள் சுமக்க வேண்டாம் என்று கொல்லர் குடும்பங்கள் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த உலையை அணையாமல் வைத்திருப்பது பன்றிக் கத்தி மட்டுமல்ல. தேயிலைக்குக் கவ்வாத்துக் கத்தி, றப்பருக்குப் பால்வெட்டும் கத்தி, தோட்டத்துக்கு மண்வெட்டி என்று பல சிறு வேலைகள் சேர்ந்துதான் ஒரு கம்மாலை நிற்கிறது. ஒவ்வொன்றாக நாம் கடைக்குப் போனால், ஒருநாள் தேய்ந்த மண்வெட்டிக்கு முனை வைக்க ஊரில் ஆள் இருக்காது. வேட்டைக் கத்தி பற்றிய தெரிவு அப்போது விவசாயக் கருவி பற்றிய பிரச்சினையாகிவிடும்.

வாங்குவதற்கு முன்

கம்மாலையில் வாங்குபவர் எந்த இரும்பு என்று கேட்க வேண்டும். வில்லுத்தகடு என்றால் நல்லது, கட்டட வேலைக் கம்பி என்றால் வேண்டாம். அரத்தால் கூர்ப்பகுதியில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். வெண்ணெய்போல் அரம் இறங்கினால் துவைச்சல் போதாது. அலகு பிடிக்குள் முழு நீளத்துக்குப் போய் ஆணியால் இறுகியிருக்க வேண்டும். பிடியில் இடைவெளி இருந்தால் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

தீட்டும்போது மின்சார சாணையைத் தவிர்ப்பது நல்லது. அலகு சூடேறி நீலநிறமாக மாறினால் அந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது, இனி அங்கே கூர் நிற்காது. தண்ணீர் ஊற்றிய கல்லில், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 20 பாகை சாய்வில், மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை தேய்க்க வேண்டும். பின்பு பழைய தோல்வாரில் பத்துத் தடவை பின்னோக்கி இழுத்தால் பிசிறு போகும். தாளை இழுக்காமல் கிழிக்காமல் வெட்டினால் கத்தி தயார். பழகிய கைக்கு இது பத்து நிமிட வேலை.

பிளேட் மாற்றும் கத்திதான் வேண்டும் என்பவர், முதுகைச் சட்டம் தாங்கும் வகையை வாங்கட்டும். குறடும் மூடிபோட்ட பேணியும் சேர்த்து வைத்திருக்கட்டும். நெம்பவோ எலும்பில் அழுத்தவோ வேண்டாம். தோல் உரிப்பவருக்கும், கை நடுக்கத்தால் கல்லில் தீட்ட முடியாத முதியவருக்கும் அது உண்மையிலேயே உதவும்.

மற்றவர்களுக்குப் பரிந்துரை எளிது: இரண்டு கம்மாலைக் கத்தி, ஒரு கல், ஒரு தோல்வார். கத்தியை வாங்கும்போதே தீட்டும் விதத்தையும் கொல்லரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.